வெக்கை போன சேதி

(நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



யாரும் கவனிக்காமல் போன நல்ல செய்திகளைப் பற்றிப் பேசுங்கள் என்று வாசகர் வட்டத்து நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். பத்துச் செய்திகளைத் திரட்டி அடுக்கிச் சொல்லலாம். சொன்னால், நீங்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் ஒன்பது மறந்துபோகும். அதனால் ஒரே ஒரு செய்தியைத்தான் கொண்டுவந்திருக்கிறேன். அது என் கைக்கு வந்து, என் கையாலேயே காணாமல் போன செய்தி.

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் இரவுப் பணி. 2011 ஜூன் 28 அன்று இரவும் பணியில் இருந்தேன். பக்கம் முடிக்க அரை மணி நேரம்தான் இருந்தது. உள்பக்கம் ஒன்றில் ஒரு விளம்பரத்தின் அளவு கடைசி நேரத்தில் குறைந்துவிட்டது. ஒரு பத்தியில் இரண்டு அங்குலம் காலியாக நின்றது. அந்த இடத்தை அடைக்க, செய்தி நிறுவனங்கள் அனுப்பியவற்றில் சின்னதாக ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். ரோம் நகரிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு, மாடுகளைத் தாக்கும் ஒரு நோய் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது என்று அன்று அறிவித்திருந்தது. நான் நான்கு வரி எழுதினேன். "ரிண்டர்பெஸ்ட் என்ற கால்நடை நோய் உலகிலிருந்து முற்றிலும் ஒழிக்கப்பட்டுவிட்டதாக..." என்று தொடங்கும் நான்கு வரி. இடம் அடைபட்டது, பக்கம் போனது, நான் கடைசிப் பேருந்தைப் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

நான்கைந்து நாள் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர். குண்டு குண்டான எழுத்து. "ஐயா, தாங்கள் ரிண்டர்பெஸ்ட் என்று போட்டிருப்பது நம் ஜனங்கள் வெக்கை என்று சொல்லும் நோய். வெக்கை ஒழிந்தது என்று போட்டிருந்தால் எங்கள் ஊர் டீக்கடையில் நாலு பேராவது படித்திருப்பார்கள்" என்று எழுதியிருந்தார். கோபம் எதுவும் இல்லை. கீழே கையெழுத்து, ஊர்ப்பெயர்.

வெக்கை. அந்தச் சொல்லைப் படித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் அது ஒரு நோயின் பெயராக மட்டும் இருந்ததில்லை, ஒரு நாட்காட்டியாகவே இருந்தது. "உங்க மாமா வெக்கை வந்ததுக்கு மறுவருசம் பொறந்தவன்." "அந்தத் தென்னை வெக்கை வருசத்துக்கு முன்னாடி வெச்சது." பிறந்த தேதி எழுதிவைக்காத குடும்பத்தில் வயதைக் கணக்கிட இருந்த ஒரே கல் அதுதான். அந்த வெக்கை உலகத்தை விட்டே போய்விட்டது என்ற சேதி என் மேசைக்கு வந்திருக்கிறது. வேற்றுப் பெயரில் வந்ததால் அடையாளம் தெரியாமல் இரண்டு அங்குலத்தில் அடைத்து அனுப்பியிருக்கிறேன்.

இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் சிலருக்கு வெக்கை தெரிந்திருக்கும். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். என் அம்மா சொல்லக் கேட்டதுதான். அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. உழவு மாடு ஒரு ஜோடி, மயிலையும் செவலையும். மயிலைதான் முதலில் அசைபோடுவதை நிறுத்தியது. காதைத் தொட்டால் சுட்டது. மறுநாள் கண்ணிலிருந்து நீர் வடிந்து, கன்னத்து மயிரில் இரண்டு கோடாக இறங்கியிருந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது. தாத்தா உதட்டைப் புரட்டிப் பார்த்தார். ஈறு முழுக்கத் தவிடு தூவினாற்போலிருந்தது. அதைப் பார்த்த உடனே அவர் மாட்டை விட்டு எழுந்து, தொழுவத்தின் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாராம். அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு கழிச்சல். தண்ணீராகப் பீய்ச்சியடிக்கும் கழிச்சல், தெரு முழுக்க அந்த வாடை. வேப்பிலை கட்டினார்கள், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். ஏழாம் நாள் மயிலை படுத்தது. அது மறுபடி எழவில்லை. அதற்குள் செவலை அசைபோடுவதை நிறுத்தியிருந்தது.

மூன்று வாரத்தில் எங்கள் தெருவில் பாதிக்கு மேல் கட்டுத்தறிகள் காலி. ஆடியில் மழை பெய்தது. ஏர் கட்ட மாடு இல்லை. மாடு இல்லாதவனுக்கு நிலம் இருந்தும் இல்லாததுதான். தாத்தா இரண்டு ஏக்கரைப் போக்கியத்துக்கு வைத்துவிட்டு வெளியூருக்குக் கூலிக்குப் போனார். அம்மாவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது அந்த வருடம்தான். இந்த நோய் மனிதரைத் தொடாது, மாட்டையும் எருமையையும் கொல்லும் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. மருத்துவப் புத்தகத்துக்கு அது சரி. எங்கள் அம்மாவின் படிப்பைக் கொன்றதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இப்படி அழிந்த வீடுகள் ஆயிரம் ஆண்டுகளாக, கண்டம் கண்டமாக இருந்திருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் மட்டும் 20 கோடி மாடுகள் செத்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். 1761-இல் பிரான்சின் லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி பிறந்ததற்கு முக்கியக் காரணம் இந்த நோய். 1887 வாக்கில் எரித்திரியக் கரையில் இறங்கிய மாடுகளோடு ஆப்பிரிக்காவுக்குள் போயிற்று. அங்குள்ள மாடுகள் அதுவரை இந்தக் கிருமியைப் பார்த்தே இராதவை. பத்தே ஆண்டில் தென்முனை வரைக்கும் பாய்ந்தது. போன இடத்தில் பத்துக்கு எட்டு, ஒன்பது மாடு விழுந்தது. எத்தியோப்பியாவில் அதைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் மாண்டிருக்கலாம் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். உழவும் இல்லை, பாலும் இல்லை, சுமை தூக்க ஆளுக்கு ஒரு முதுகுதான்.

1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன திமில் மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கி ஏற்றப்பட்டன. அவற்றோடு வெக்கையும் இறங்கிவிட்டது. அந்த அதிர்ச்சியில்தான் 28 நாடுகள் கூடி, 1924-இல் பாரிசில் கால்நடை நோய்களுக்கென்று ஓர் உலக அமைப்பைத் தொடங்கின. மனிதருக்கான உலக சுகாதார நிறுவனம் தொடங்கியது 1948-இல். மாட்டுக்காக உலகம் அதற்கு இருபத்துநான்கு ஆண்டு முன்பே கூடியிருக்கிறது. நம் நாட்டு மாடு காரணமாக நடந்த இந்தக் கூட்டத்தைப் பற்றி நான் பள்ளியிலும் படித்ததில்லை, பத்திரிகையில் இருந்த காலத்திலும் படித்ததில்லை.

நம் நாட்டில் 1889-இல் பூனாவில் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அதைக் குமாவோன் மலையில் முக்தேஸ்வரத்துக்கு மாற்றினார்கள். மாடுகள் நெருங்காத குளிர்ந்த மலையுச்சி, கிருமியை வைத்துக்கொண்டு வேலை செய்யத் தோதான இடம். அங்கேதான் 1920-களில் எட்வர்ட்ஸ் என்ற விஞ்ஞானி, கிருமியை ஆட்டுக்கு ஆடு மாற்றி மாற்றிச் செலுத்தி, மாட்டைக் கொல்லும் வலுவை அதிலிருந்து இறக்கினார். அந்த ஆட்டுவழித் தடுப்பூசிதான் இந்தியாவின் மாடுகளுக்கு முதல் கவசம். இங்கே நம் இராணிப்பேட்டையில் 1932-இல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம், பிறந்ததே வெக்கைக்கு எதிரான சீரம் தயாரிக்கத்தான். அந்த வழியாகப் பேருந்தில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்!

1954-இல் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ஊர் ஊராக ஊசி. நோயின் பெரும்பகுதி பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே போய்விட்டது. ஆனால் மிச்சம் இருந்தது முப்பது ஆண்டாகியும் போகவில்லை. சந்தைக்கும் அடிமாட்டுக்கும் ஊர்தோறும் நடத்தியே ஓட்டிப்போகிற மந்தைகள் மாநிலத்துக்கு மாநிலம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தன. கடைசியாக அது ஒண்டிக்கொண்ட இடம் நம் தென்னகம்.

அஞ்சலட்டை எழுதியவரைத் தேடிக்கொண்டு போனேன். பேருந்து நிலையத்திலிருந்து ஒரு மைல் நடை. என் அம்மாவை விடச் சில வயது இளையவராக இருந்தார். வேட்டி, மேல்துண்டு, வாசலில் ஒரே ஒரு கறவை மாடு. உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியை எடுத்துவந்தார். அதிலிருந்து ஒரு பழைய தெர்மாஸ் குடுவை வந்தது. மூடி ஒடுங்கியிருந்தது.

"இதுதாங்க எங்க ஆயுதம்" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். மருந்து பொடியாகச் சின்னக் குப்பியில் வரும். குளிரூட்டிய உப்புநீரில் கரைத்தாகிவிட்டால் சில மணி நேரம்தான் அதற்கு உயிர். வெயில் பட்டால் செத்துவிடும். செத்த மருந்தைப் போட்டாலும் ஊசி போட்டதாகத்தான் கணக்கில் ஏறும், ஆனால் மாட்டுக்குக் காப்பு இருக்காது. அதனால் விடியற்காலை நாலு மணிக்குச் சோடா கம்பெனியில் ஐஸ் வாங்கி, குடுவைக்குள் நொறுக்கிப் போட்டு, ஈரத்துண்டைச் சுற்றி, சைக்கிளில் பத்து மைல், பதினைந்து மைல். பால் கறந்து முடித்து, மேய்ச்சலுக்கு அவிழ்ப்பதற்குள் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். அவிழ்த்துவிட்டால் அந்த நாள் போச்சு.

ஊரில் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். "ஊசி போட்டா பால் வத்திடும், சினை கலைஞ்சிடும்னு எருமையைக் கரும்புக்குள்ள கொண்டுபோய்க் கட்டிருவாங்க. நான் சண்டை போட மாட்டேன். அந்த ஊர்ல முன்னாடி வெக்கையில மாட்டைப் பறிகொடுத்த வீடு எதுன்னு விசாரிப்பேன். அந்த வீட்டு வாசல்ல போய் நின்னாப் போதும். அந்த வீட்டுக் கிழவியே நாலு வீட்டுக்குப் போய் மாட்டை இழுத்துட்டு வந்துரும்" என்றார்.

நான் அவரிடம் கற்றுக்கொண்ட பெரிய விஷயம் ஊசி போட்ட கதையில் இல்லை. ஊசியை நிறுத்திய கதையில் இருந்தது.

1992-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதிய திட்டம் வந்தது. நோயைக் குறைப்பது போதாது, வேரோடு பிடுங்குவது என்று முடிவெடுத்தார்கள். இந்தியாவில் கடைசியாக வெக்கை தலைகாட்டியது 1995-இல், அதுவும் நம் தமிழ்நாட்டில். அதை அடக்கிய பிறகு, ஊசி போடுவதையே நிறுத்தச் சொல்லி உத்தரவு. ஏனென்றால் எல்லா மாட்டுக்கும் காப்பு இருக்கும் வரை, கிருமி உண்மையிலேயே போய்விட்டதா, பதுங்கியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. காப்பில்லாத கன்றுகள் பிறந்து, வளர்ந்து, அவற்றுக்கும் நோய் வராமல் இருந்தால்தான் போனது நிச்சயம்.

"போடறது சுலபங்க. நிறுத்தறதுதான் பயம். ராத்திரி தூக்கமே வராது. எந்த ஊர்ல எது கழியுதோன்னு இருக்கும்" என்றார் பெரியவர்.

பிறகு அந்தத் தகரப் பெட்டியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். நாற்பது பக்க நோட்டு, பழுப்பேறிய தாள், அட்டையில் ஸ்கேலால் போட்ட கட்டம். ஊசி நின்ற பிறகு அவர்கள் செய்த வேலை ஊர் ஊராகப் போய்க் கேட்பது. வாய்ப்புண்ணும் கண்ணீரும் கழிச்சலும் சேர்ந்து எந்த மாட்டுக்காவது வந்ததா? ஊர்ப்பெயர், தேதி, பார்த்த வீடுகள், பார்த்த மாடுகள், கடைசிக் கட்டத்தில் விடை. நான் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். இல்லை. இல்லை. இல்லை. ஒரே கையெழுத்து, சில இடத்தில் நீல மை, சில இடத்தில் கறுப்பு, ஓரிடத்தில் மழைத்துளி விழுந்து கரைந்த எழுத்து. நோட்டு முழுக்க "இல்லை".

சொந்தப் பயன்பாட்டுக்காக எழுதி வைத்துக்கொண்டது அது. அலுவலகத்துக்கு வேறு படிவம் போயிருக்கிறது. இவரைப் போல நாடு முழுக்க எத்தனையோ பேர் எழுதிய "இல்லை"களைக் கூட்டித்தான், 1998 மார்ச் 1 முதல் வெக்கை இல்லாத நாடு என்று இந்தியா தற்காலிகமாக அறிவித்துக்கொண்டது. 2004-இல் நோய் இல்லை என்றும், இரத்த மாதிரிகளைச் சோதித்துப் பார்த்த பிறகு 2006-இல் கிருமியே இல்லை என்றும் பாரிஸ் அமைப்பு சான்று கொடுத்தது. உலகத்தின் கடைசி நோயை 2001-இல் கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில், காட்டெருமைகளிடம் பார்த்தார்கள். அதன் பிறகும் பத்து ஆண்டு தேடி, தேடிய இடமெல்லாம் இல்லை என்று ஆன பிறகே 2011-இல் அறிவித்தார்கள். பெரியம்மை ஒழிந்தது 1980-இல். அதற்குப் பிறகு மனித குலம் பூமியிலிருந்து அகற்றிய இரண்டாவது நோய் இதுதான். மூன்றாவது இன்னும் இல்லை.

நான் முப்பத்திரண்டு ஆண்டு செய்தி பார்த்தவன். செய்தி என்பதற்கு ஒரு நாள் வேண்டும், ஓர் இடம் வேண்டும், ஒரு முகம் வேண்டும். மாடு செத்தால் நாளும் இடமும் இருக்கிறது. மாடு சாகாமல் இருப்பதற்கு எந்தத் தேதி? அந்த நோட்டில் இருந்த எந்த ஒரு "இல்லை"யையும் எடுத்துச் செய்தியாகப் போட முடியாது. "நேற்று இந்த ஊரில் எந்த மாடும் கழியவில்லை" என்று எந்தச் செய்தியாளர் எழுதுவார்? எல்லாவற்றையும் கூட்டினால் ஆயிரம் ஆண்டுத் துயரம் முடிந்த செய்தி. கூட்டிப் பார்க்க வேண்டியது எங்கள் மேசையின் வேலை. நாங்கள் கூட்டவில்லை. ஒரு நாள் அறிவிப்பு வந்தபோதும், அதன் பெயரைத் தமிழில் தேடவில்லை.

பெயர் என்று சொன்னேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெக்கையின் முடிவே பெயரைக் கேட்டதில்தான் இருந்தது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆப்பிரிக்காவில் வால்டர் பிளௌரைட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, கென்யாவின் முகுகா ஆய்வுக்கூடத்தில் 1950-களின் இறுதியில் அருமையான தடுப்பூசி ஒன்றைச் செய்தார். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 1999-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். ஆனால் அந்த ஊசிக்கும் நம் பெரியவரின் குடுவைச் சிக்கல்தான்: குளிர் வேண்டும். பாலைவனத்திலும் போர் நடக்கும் காட்டிலும் ஐஸுக்கு எங்கே போவது? ஜெஃப்ரி மரைனர் என்ற அமெரிக்கர் 1980-களின் இறுதியில், குளிர்பெட்டி இல்லாமலேயே வாரக்கணக்கில் தாங்கும்படி அதை மாற்றினார். குளிர்பெட்டி வேண்டாம் என்றதும், வண்டி போகாத இடத்துக்கு மேய்ப்பர்களே மருந்தைக் கொண்டுபோனார்கள். மாட்டுக்காரர்களிலேயே ஆள் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். மந்தையைத் தெரிந்தவன் கையில் ஊசி.

கிருமி எங்கே பதுங்கியிருக்கிறது என்பதைக் கண்டதும் அவர்களால்தான். கிழக்கு ஆப்பிரிக்காவில் கடைசிக் காலத்தில் நோய் மிக மிதமாகி, மாடு சாகாமல் தப்பிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. மருத்துவர்கள் பார்த்தால் தெரியாது. மேய்ப்பர்களிடம் உட்கார்ந்து, உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர், எந்த அறிகுறி, கடைசியாக எப்போது, எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கேட்டார்கள். அவர்கள் பாட்டன் காலத்துப் பெயரைச் சொல்லி, இன்ன மந்தையில் போன மழைக்கு இருந்தது என்று சொன்னார்கள். சோதித்தால் சரியாக இருந்தது. ஆய்வுக்கூடத்துக் கண்ணுக்குத் தப்பியது, மேய்ப்பன் வைத்திருந்த பெயருக்குத் தப்பவில்லை.

நம் பக்கத்திலும் பெயர்க் குழப்பத்தை அவிழ்த்த ஒரு கதை உண்டு. 1987-இல் விழுப்புரத்தை அடுத்த அரசூரில் ஆடுகள் கூட்டமாகச் செத்தன. வாய்ப்புண், மூக்குச் சளி, கழிச்சல். பார்த்தால் வெக்கை மாதிரியே இருந்தது. தென்னகத்தில் ஆடுகளுக்கு இப்படி வந்தால் அதுவும் வெக்கைதான், அங்கேதான் கிருமி ஒளிந்திருக்கிறது என்று அதுவரை நம்பியிருந்தார்கள். சென்னை, பெங்களூரு விஞ்ஞானிகள் ஆராய்ந்து, இது வெக்கையின் பங்காளி, ஆனால் வேறு கிருமி என்று 1989-இல் எழுதினார்கள். இந்தியாவில் அந்த நோயை முதன்முதலில் இனம் கண்டது அரசூரில்தான். இன்று அதை ஆட்டுக்கொல்லி நோய் என்கிறோம். அது வேறு, இது வேறு என்று பிரித்தறிந்த பிறகுதான் வெக்கையைத் தேடும் கண்ணுக்குத் தெளிவு வந்தது. அந்த ஊரில் எடுத்த கிருமியிலிருந்தே பின்னாளில் ஆட்டுக்கொல்லிக்குத் தடுப்பூசியும் செய்தார்கள். அதன் பெயரிலேயே அரசூர் இருக்கிறது. அந்த ஊருக்கு ஒரு பெயர்ப்பலகை வைத்தால் தகும்.

அதே 1987-இல் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், வருத்தத்தோடு. இலங்கையில் 1946-க்குப் பிறகு வெக்கை கிடையாது. இந்திய அமைதிப்படை அங்கே போனபோது, படையின் உணவுக்காக இங்கிருந்து கொண்டுபோன ஆடுகளோடு அது போய் இறங்கியது. நாற்பது ஆண்டு அங்கே பார்த்திராத நோய், வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளையும் எருமைகளையும் வீழ்த்தியது. போரில் ஊர் விட்டு ஊர் ஓடிக்கொண்டிருந்த மக்கள், கட்டுத்தறியில் நின்ற மாட்டையும் இழந்தார்கள். 1994-இல்தான் அங்கே முடிந்தது. அந்தப் போரைப் பற்றி எத்தனையோ படித்தேன், செய்தியும் எத்தனையோ திருத்தினேன். அந்த எருமைகளைப் பற்றி ஒரு வரிகூட என் மேசையைக் கடந்து போனதாக நினைவில்லை. நல்ல செய்தி மட்டும் காணாமல் போவதில்லை. எளியவர்களுடையது என்றால் கெட்ட செய்தியும் காணாமல் போகிறது. பிறகு அது முடிந்தபோது, முடிந்தது என்பதும் யாருக்கும் தெரிவதில்லை.

நரம்புச் சிலந்தியைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். காலில் கொப்புளம் வெடித்து நீண்ட புழு வெளியே வரும் நோய், படிக்கிணற்றுத் தண்ணீரால் வருவது. 1986-இல் உலகில் 35 லட்சம் பேருக்கு இருந்தது. ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடி, புண்ணோடு நீர்நிலையில் இறங்காதே என்று சொல்லிச் சொல்லியே குறைத்தார்கள். இந்தியா 2000-இல் சான்று பெற்றது. 2024-இல் உலகம் முழுக்க 15 பேருக்குத்தான் வந்தது. பூமியிலிருந்து போகிற மூன்றாவது நோய் அதுவாக இருக்கும் என்று நம்புகிறேன். அறிவிப்பு வருகிற இரவில் எந்த மேசையில் யார் இருக்கிறார்களோ, அவர்கள் நரம்புச் சிலந்தி என்று எழுதட்டும்.

வெக்கையின் கதையை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அரசூரில் கண்டார்களே, அந்த ஆட்டுக்கொல்லி, அதையும் 2030-க்குள் உலகத்திலிருந்து ஒழிக்க வேண்டும் என்று அதே ரோம் அமைப்பும் அதே பாரிஸ் அமைப்பும் இலக்கு வைத்திருக்கின்றன. ஆடு வைத்திருப்பவர் யார்? நிலமில்லாதவர், தனியாளாகப் பிழைக்கும் பெண்கள், பள்ளிக் கட்டணத்துக்கு ஒரு கிடாயை நம்பியிருக்கும் குடும்பம். ஊசி போட வருகிறவரைப் பார்த்து இன்றைக்கும் ஆட்டை மறைக்கிற வீடு உண்டு. இதே மாதிரி ஒரு நோயை, இதே மாதிரி ஓர் ஊசியால், உங்கள் பாட்டன் கண்ட வெக்கையை இல்லாமலே ஆக்கினோம் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஊசிக்காரருக்கு வேலை பாதி குறைந்திருக்கும். வெக்கையில் மாட்டைப் பறிகொடுத்த வீட்டு வாசலில் போய் நின்ற பெரியவருக்குத் தெரிந்திருந்த வித்தை அதுதான். அப்படிப்பட்ட வீட்டுக் கிழவிகள் இப்போது அநேகமாக இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது.

பெரியவரைப் பார்த்துவிட்டு வந்த வாரமே ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு அப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. கண் மங்கல், காது நன்றாகக் கேட்கும். திண்ணையில் முறத்தில் பயறு ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "அம்மா, வெக்கை போயிடுச்சு. நம்ம ஊர்ல மட்டும் இல்ல. உலகத்துலயே எங்கயும் இல்ல. இனிமே வராது."

கை நின்றது.

"எப்போ?"

நம் நாட்டில் பதினாறு வருடம் ஆகிறது, உலகத்துக்கே இல்லையென்று போன மாதம் சொன்னார்கள் என்றேன்.

"பதினாறு வருசமா? ஒருத்தருமே சொல்லலையே" என்றார். அந்த "ஒருத்தரில்" நானும் இருந்தேன். நான் எழுதிய நான்கு வரியைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொஞ்ச நேரம் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மயிலைக்கு வலக்கொம்பு கொஞ்சம் உள்வாங்கியிருக்கும் என்றார். அதன் கொம்புக்குப் பொங்கலுக்கு மஞ்சள் பூசுவது அவர் வேலையாம், வேறு யார் போனாலும் தலையை ஆட்டுமாம். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க சித்திக்கு ஒரு போன் போட்டுக் குடு. நானே சொல்றேன்."